கம்யூனிட்டி காலேஜில் தொடங்கி யூசிக்குப் போவது: உருப்படியான வழியா, தலைவலியா?

ஏப்ரல் 2, 2024: வாசகர் ஒருவர் கேட்டது

பையனுக்கு யூசியில் (யூனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா) பெர்க்லி, எல்ஏ, சான் டியாகோ, இர்வைன் நாலு வளாகமும் கைவிரித்துவிட்டன. மெர்சட், ரிவர்சைடு கிடைத்திருக்கின்றன. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்கிறான். டி ஆன்ஸா கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படித்துவிட்டு பெர்க்லிக்கு மாறிக்கொள்ளலாம், பணமும் மிச்சம் என்று ஆபீஸ் நண்பர் சொல்கிறார். "நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது" என்று வீட்டில் ஒரே புலம்பல். எனக்கும் ஹைஸ்கூலில் கோட்டை விட்டவர்கள் போகும் இடம் அது என்றுதான் எண்ணம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாங்கள் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம்.

ஏப்ரல் 2, இரவு

"கோட்டை விட்டவர்கள்" என்பதைப் படித்த பிறகு கை சும்மா இருக்கவில்லை. என் மகள் அந்த வழியாகத்தான் போனாள். எச்-4இல் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்குத் தரும் விசா) வீட்டில் முடங்கிக் கிடந்த காலத்தில் நான் மாலை வகுப்பில் அக்கவுண்டிங் படித்ததும் அப்படி ஒரு கல்லூரியில்தான். எங்கள் கல்லூரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பின்னால் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது.

யாரோ இரக்கப்பட்டுத் திறந்துவைத்த இடம் இல்லை இது. கிளார்க் கெர் யூசி தலைவராக இருந்தபோது, 1960இல் கலிபோர்னியா உயர்கல்விக்கென்று ஒரு மாஸ்டர் பிளான் போட்டார்கள். ஹைஸ்கூல் முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்குப் பேர் யூசிக்கு, முதல் மூன்றில் ஒரு பங்குப் பேர் சிஎஸ்யூவுக்கு (கலிபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி), விரும்பி வருகிற எவருக்கும் கம்யூனிட்டி காலேஜ். அங்கே தேறியவர்கள் மூன்றாம் வருடத்தில் மேலே ஏற ஒரு கதவு. அந்தக் கதவை நம்பித்தான் முன்வாசலை அவ்வளவு குறுக்கினார்கள். இன்றைக்கும் முதல் வருடத்தில் சேரும் இரண்டு பேருக்கு, இப்படி நடுவில் மாறி வருகிற ஒரு டிரான்ஸ்ஃபர் என்பதுதான் யூசி தனக்கு வைத்திருக்கும் இலக்கு. யூசியின் எல்ஏ வளாகமான யூசிஎல்ஏவில் முதல் வருடத்துக்கு விண்ணப்பிப்பவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவாகத்தான் இடம். டிரான்ஸ்ஃபரில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குக் கிடைக்கிறது. அப்படிக் கிடைப்பவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் நம்ம ஊர் கம்யூனிட்டி காலேஜ் பிள்ளைகள்.

உங்கள் பையன் போகலாமா என்பது வேறு கேள்வி. அதை நாளைக்குப் பார்ப்போம்.

ஏப்ரல் 3

ஒருவர் "எல்லாம் இலவசம்தானே" என்று கேட்டிருக்கிறார். இலவசம் இல்லை, ஆனால் சல்லிசு. மாநிலவாசிக்கு ஒரு யூனிட் (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர், 2012 கோடையிலிருந்து இதே விலை. டி ஆன்ஸா, ஃபுட்ஹில் இரண்டும் குவார்ட்டர் முறை என்பதால் அங்கே யூனிட்டுக்கு 31. மாறிப்போக 60 செமஸ்டர் யூனிட் அல்லது 90 குவார்ட்டர் யூனிட் வேண்டும். எப்படிப் பெருக்கினாலும் இரண்டு வருடத்துக்குப் பாடக் கட்டணம் 2,800 டாலருக்குள் அடங்கிவிடும். முதல்முறையாக, முழுநேரமாகச் சேர்கிறவர்களுக்கு இதையும் இரண்டு வருடம் தள்ளுபடி செய்யும் திட்டம் பல கல்லூரிகளில் உண்டு.

யூசியில் பாடக் கட்டணம் மட்டும் வருடத்துக்கு 15,000 டாலரை ஒட்டி வரும். ஆனால் ஆளை விழுங்குவது அது இல்லை. விடுதியும் சாப்பாடும் சேர்ந்து மொத்தத்தை 40,000க்கு மேல் கொண்டுபோய்விடும். பிள்ளை வீட்டிலிருந்து போய்வருவதில்தான் பாதி மிச்சம். அதற்கு ஈடாக வீட்டில் பதினெட்டு வயசு ஆள் ஒன்று நள்ளிரவில் மேகி கிண்டிக்கொண்டிருக்கும். அதற்குத் தயாரா என்று பாருங்கள்.

ஏப்ரல் 5

இப்போது முக்கியமான விஷயம். "எந்தக் காலேஜ் நல்ல காலேஜ்" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். டி ஆன்ஸாவா, ஓலோனியா, மிஷனா, எவர்க்ரீன் வேலியா என்று ஒரு வாரம் அலசுவார்கள். எனக்குத் தெரிந்து இது பெயரால் தீர்கிற விஷயம் இல்லை. முதல் டெர்மில் எந்தப் பாடங்களைப் பதிவு செய்கிறான் என்பதில் முக்கால்வாசி முடிந்துவிடுகிறது.

டி ஆன்ஸாவையே எடுத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாற நினைக்கிறவனுக்குக் கணக்கு சங்கிலி, பாட எண்படி, இப்படி: 1ஏ, 1பி, 1சி, 1டி, அப்புறம் 2ஏ, 2பி. 1ஏ முதல் 1டி வரை ஒன்றை முடிக்காமல் அடுத்ததற்குள் விடமாட்டார்கள். இயற்பியலில் 4ஏ, 4பி, 4சி. புரோகிராமிங்கில் 22ஏ, 22பி, 22சி. வருடத்துக்கு மூன்று குவார்ட்டர், நடுவில் ஒரு கோடை. விண்ணப்பமோ இரண்டாம் வருட அக்டோபர், நவம்பரில். அதாவது விண்ணப்பம் போகும்போது கையில் இருப்பது முதல் வருட மதிப்பெண்ணும் கோடையும் மட்டும்தான். இலையுதிர் மதிப்பெண்ணை ஜனவரியில் சேர்த்துக்கொடுக்கலாம். முதல் குவார்ட்டரில் "கொஞ்சம் பழகட்டும்" என்று கணக்கைத் தள்ளிவைத்தால் கோடையில் ஈடுகட்ட வேண்டும். அதுவும் நடக்காவிட்டால் இரண்டு வருடம் மூன்றாகிவிடும்.

என் மகள் உயிரியல். அங்கே சங்கிலி வேதியியலில். நுழையும்போதே கவுன்சிலர் ஒருவர், அரை மணி நேரம்தான் பேசியிருப்பார், இங்கிலீஷும் சோஷியாலஜியும் எடுத்துக்கோ, கெமிஸ்ட்ரியை அப்புறம் பார்த்துக்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அக்கறையாகத்தான் சொன்னார். ஆனால் பொது வேதியியல் முடியாமல் ஆர்கானிக் கிடையாது, ஆர்கானிக் இல்லாமல் அவள் கேட்ட துறை கிடையாது. வேறொரு கம்யூனிட்டி காலேஜில் கோடை வகுப்பில் சேர்ந்துதான் அந்த ஓட்டையை அடைத்தோம். இரண்டு மூன்று காலேஜில் பாடம் எடுப்பது தப்பே இல்லை, எல்லா டிரான்ஸ்கிரிப்டையும் அனுப்பினால் சரி. இது பலருக்குத் தெரிவதில்லை.

அந்தக் கோடைக்குப் பிறகு கவுன்சிலரை நம்பி உட்காரவில்லை. அசிஸ்ட் என்ற இணையதளத்தைத் திறந்தோம். இந்தக் காலேஜின் இந்தப் பாடம் அந்த யூசியின் அந்தப் பாடத்துக்குச் சமம் என்று கல்லூரி வாரியாக, துறை வாரியாக, வருடம் போட்டு இருக்கும். எட்டிப்பிடிக்க நினைத்த மூன்று யூசிக்கும் தனித்தனியாக அச்செடுத்து டைனிங் டேபிளில் பரப்பினாள். மூன்றிலும் வருகிற பாடத்துக்கு மஞ்சள், ஒன்றில் மட்டும் வருவதற்குப் பச்சை. கீழே டெர்ம் டெர்மாகக் கட்டம். மஞ்சளை முதலில் கட்டத்தில் உட்கார வைத்தாள். குழம்புக் கறையோடு அந்தத் தாள் அடுத்த வருடமும் ஃப்ரிட்ஜில் தொங்கியது.

ஏப்ரல் 6

நேற்று எழுதியதில் பெர்க்லி பற்றிச் சொல்ல விட்டுப்போனது. உங்கள் நண்பர் "பெர்க்லிக்கு மாறிக்கொள்ளலாம்" என்று சொன்னது பஸ் மாறுவது போல் ஒலிக்கிறது. அப்படி இல்லை. டேக் என்று ஒரு உத்தரவாதம் உண்டு. குறிப்பிட்ட ஜிபிஏ (சராசரி மதிப்பெண்), குறிப்பிட்ட பாடங்களை முடித்தால் இடம் நிச்சயம். அதைக் கொடுப்பவை டேவிஸ், இர்வைன், மெர்சட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ் ஆகிய ஆறு மட்டும். பெர்க்லி, எல்ஏ, சான் டியாகோ கொடுப்பதில்லை. ஒரே ஒரு யூசிக்குத்தான் டேக் போடலாம். துறைக்குத் துறை விதிவிலக்கு வேறு. சான்டா பார்பராவில் இன்ஜினியரிங் கல்லூரிக்கு டேக் கிடையாது. பெர்க்லி மொத்தமாகக் காட்டும் டிரான்ஸ்ஃபர் சதவீதத்தைப் பார்த்து கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் அதுதான் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தத் துறைக்குள் நுழைவது அதைவிட எவ்வளவோ கடினம்.

ஏப்ரல் 6, கொஞ்ச நேரம் கழித்து

ஒரு நல்ல செய்தியும் சொல்லிவிடுகிறேன். 60 யூனிட்டோடு போகிறவனின் ஹைஸ்கூல் மதிப்பெண்ணை யூசி தேர்வுக்கு எடுத்துக்கொள்வதில்லை. பதினொன்றாம் வகுப்பு கெமிஸ்ட்ரியில் வாங்கிய "சி" அங்கேயே சமாதி.

ஏப்ரல் 9

வகுப்பில் யார் யார் இருப்பார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். என் அக்கவுண்டிங் வகுப்பில் ஒரு பக்கம் பேரன் எடுத்த தாத்தா, இன்னொரு பக்கம் ஹைஸ்கூல் படிக்கும்போதே இங்கே பாடம் எடுக்க வந்த பெண். பின்வரிசையில் இரவு ஷிப்டுக்கு முன்னால் யூனிஃபார்மோடு வந்து உட்காரும் செக்யூரிட்டி. அந்தத் தாத்தாதான் வகுப்பிலேயே அதிக மதிப்பெண். எங்களையெல்லாம் பார்த்து "யங் பீப்பிள்" என்பார். என்னையும் சேர்த்து!

மகள் சொன்ன முதல் நாள் இன்னும் சுவாரஸ்யம். வெயிட்லிஸ்டில் இருந்தவர்கள் நாற்காலி இல்லாமல் சுவரோரம் நின்றிருக்கிறார்கள். பேராசிரியர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டிருக்கிறார். பதில் இல்லாத பெயர்களைப் பேனாவால் அடித்துவிட்டு, எத்தனை அடி விழுந்ததோ அத்தனை பேருக்குச் சுவரோரத்திலிருந்து இடம். சின்னத் துண்டுச் சீட்டில் ஆட் கோட் எழுதிக் கொடுப்பார், அதைப் போட்டால் பதிவாகிவிடும். லேப் வகுப்பு என்றால் இந்தக் கருணையும் கிடையாது. மேஜை எத்தனையோ அத்தனை பேர்தான். ஒரு பையன் மூன்று வகுப்புக்கு விடாமல் வந்து நின்று இடம் பிடித்தானாம். ஆகவே முதல் நாள் போகாமல் இருந்துவிடாதீர்கள். ஊரிலிருந்து திரும்பும் டிக்கெட் மலிவு என்று செப்டம்பர் கடைசிக்குப் போடுகிறவர்கள் தயவுசெய்து கவனிக்கவும்.

ஏப்ரல் 20

பேச்சு எங்கேயோ போய்விட்டது. "ஸ்டீவ் ஜாப்ஸே டி ஆன்ஸாதான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை ஐயா. ஜாப்ஸ் சேர்ந்து பாதியில் விட்டது ஓரிகானில் ரீட் காலேஜ். டி ஆன்ஸாவில் அவர் செய்தது 1984 ஜனவரியில் ஃப்ளின்ட் சென்டர் மேடையில் மேக்கின்டாஷைப் பையிலிருந்து எடுத்துக் காட்டியது. அந்த அரங்கையும் 2019இல் மூடிவிட்டார்கள். டி ஆன்ஸாவில் படித்தது கூட்டாளி வாஸ்னியாக். கொலராடோவில் ஒரு வருடம், அப்புறம் டி ஆன்ஸா, அங்கிருந்து பெர்க்லி. உங்கள் நண்பர் சொல்கிற அதே ரூட்.

டாம் ஹாங்க்ஸ் படித்தது நம்ம ஹேவர்ட் சாபோ காலேஜில். நடிகரைச் சொன்னால் நம் வீட்டுப் பெரியவர்கள் மசியமாட்டார்கள். அவர்களுக்கு கிரெய்க் வென்டரைச் சொல்லுங்கள். மனித ஜீனோமைப் படித்தெடுத்தவர்களில் ஒருவர். வியட்நாமிலிருந்து திரும்பி காலேஜ் ஆஃப் சான் மடேயோ, பிறகு யூசி சான் டியாகோ.

என் மாமியாருக்கு இதெதுவும் எடுபடவில்லை. தஞ்சாவூரிலிருந்து போனில், "ஏம்மா, பேத்தி ஏதோ தையல் கிளாஸ் மாதிரி இடத்துல சேர்ந்திருக்காளாமே?" என்றார். "இல்லை அத்தை, டிப்ளமா முடிச்சவங்க நேரா இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம் சேருவாங்கல்ல, அது மாதிரி" என்றேன். "அட, நம்ம பெரியவன் அப்படித்தானே படிச்சான், இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன" என்று போனை வைத்துவிட்டார். அதோடு விசாரணை முடிந்தது.

மே 14

கேள்வி கேட்டவர் தனியே எழுதியிருந்தார். ஃபாஃப்சா (மத்திய அரசு உதவித்தொகை விண்ணப்பம்) குளறுபடியால் இந்த வருடம் மே 1 கெடுவை யூசி 15க்குத் தள்ளியது அல்லவா, நாளையோடு அதுவும் முடிகிறது. பையன் மெர்சடுக்கே சரி சொல்லிவிட்டானாம்.

எனக்கு அதில் வருத்தம் இல்லை. இங்கே இத்தனை எழுதியவள் இப்படிச் சொல்கிறேனே என்று கேட்பீர்கள். அவர் பையனைப் பற்றி எழுதியதைப் படித்தால், தானாக எழுந்து போய் வரிசையில் நிற்கிற ரகம் இல்லை. அவன் நண்பர்களுக்கு நடுவில், விடுதியில், கூடப் படிக்கிறவன் கதவைத் தட்டி எழுப்பினால் படிக்கிற ரகம். கம்யூனிட்டி காலேஜில் கதவைத் தட்ட ஆள் கிடையாது. வகுப்பு முடிந்ததும் எல்லோரும் பார்க்கிங்குக்குப் போய்விடுவார்கள். கையில் ஒரு யூசி கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் இருக்கும்போது, அதை விட்டுவிட்டு பெர்க்லி என்ற பெயரைத் துரத்துவது இந்தப் பையனுக்கு வேண்டாத வேலை.

அக்டோபர் 11, 2024

மாநிலத் தணிக்கையாளர் அறிக்கை போன மாதம் வந்தது. படித்ததிலிருந்து மனசு சரியில்லை. மாறிப்போக வேண்டும் என்ற எண்ணத்தோடு 2017 முதல் 2019 வரை சேர்ந்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர்தான் நாலு வருடத்துக்குள் மாறியிருக்கிறார். ஐந்தில் ஒருவர்!

யூசிஎல்ஏ நாலில் ஒருவரை எடுக்கிறது என்று ஏப்ரலில் எழுதினேன். அது விண்ணப்பம் வரைக்கும் போய்ச்சேர்ந்தவர்களின் கணக்கு. ஐந்தில் மிச்சமுள்ள நாலு பேரில் பலர் அங்கே போய்ச்சேராதவர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

ஆனால் அந்த நாலு பேரும் சோம்பேறிகள் என்று யாரும் எழுதிவிடாதீர்கள். என் வகுப்பில் இருந்த அந்த செக்யூரிட்டி நடுவில் நின்றுபோனார். ஷிப்ட் மாறிவிட்டது, வகுப்பு நேரம் ஒத்துவரவில்லை. சேரும்போது அவரும் பட்டம் வாங்கத்தான் வந்தார். இங்கே எழுதுகிற நம்மில் பலரின் பிள்ளைகள் வாடகைக்காக வேலை பார்ப்பதில்லை. சாப்பாடு மேஜைக்கு வருகிறது, ஓட்டிப்போக ஒரு பழைய டொயோட்டா இருக்கிறது. அதனால் நம் பிள்ளைகளுக்கு இந்த எண்ணிக்கை அப்படியே பொருந்தாது. நாம் "சுலபம்" என்று சொல்வதும் மற்றவர்களுக்குப் பொருந்தாது.

ஜனவரி 18, 2025

எச்-4 பிள்ளைகள் பற்றிக் கேள்வி. எனக்கு நெருக்கமான சங்கடம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எச்-4இல் இருக்கிற பிள்ளை, வேண்டிய கால அளவு இங்கே குடியிருந்தால், கலிபோர்னியாவாசிக் கட்டணத்தில் படிக்கலாம். மத்திய அரசு உதவித்தொகை கிடைக்காது. சிக்கல் 21 வயசில். எச்-4 அன்றோடு முடிகிறது. பெரும்பாலோர் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறுகிறார்கள். எஃப்-1 வைத்திருப்பவர் மாநிலவாசி என்ற கணக்கில் வரமாட்டார். நாலு வருடப் படிப்பில் மூன்றாம் வருடம் முடியும்போது இது வரும், அதாவது யூசி கட்டணம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில். வெளிமாநிலக் கட்டணம் அதன் மேல் இரண்டு மடங்குக்கு மேல் ஏறி உட்காரும். அதனால் எச்-4 குடும்பங்கள் கம்யூனிட்டி காலேஜ் பக்கம் போகும்போது "மலிவான முதல் இரண்டு வருடம்" என்பதோடு நிறுத்தாமல், பிறந்த தேதியைக் கட்டத்தின் ஓரத்தில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். ஹைஸ்கூலிலேயே இங்கே சில பாடங்களை முடித்து ஒரு வருடத்தைச் சுருக்கியவர்கள் உண்டு. சரியான வக்கீலிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள். நான் எழுதுவதை வைத்து விசா முடிவு எடுக்காதீர்கள்.

பிப்ரவரி 2

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர்: மகனை நேராக எஃப்-1இல் கம்யூனிட்டி காலேஜுக்கு அனுப்பலாமா? அனுப்பலாம், வெளிநாட்டுப் பிள்ளைகளும் டேக் போடுகிறார்கள். ஆனால் மேலே சொன்ன 46 டாலர் உங்களுக்கு இல்லை. வெளிநாட்டுக்காரருக்கு அதன் மேல் பல மடங்கு. வீட்டிலிருந்து போய்வரும் மிச்சமும் கிடையாது, டி ஆன்ஸா இருக்கும் குப்பர்டினோவில் வாடகையைக் கேட்டால் தலை சுற்றும். ஆசைப்படும் யூசிக்கு நேராகக் கிடைக்காதவன், கையில் பணம் உள்ளவன், தனியாகச் சமாளிக்கிறவன், இந்த மூன்றும் சேர்ந்தால் யோசியுங்கள்.

பிப்ரவரி 3

நியூ ஜெர்சி எடிசன்காரர் ஒருவர் கோபித்துக்கொண்டார், "கலிபோர்னியா தவிர நாடே இல்லையா" என்று. இருக்கிறது சார். நியூ ஜெர்சியில் ஹைஸ்கூல் வகுப்பில் முதல் 15 சதவீதத்துக்குள் வந்தால் கவுன்டி காலேஜில் பாடக் கட்டணம் இல்லாமல் படிக்கும் திட்டம் உண்டு. அதை நம் ஆட்கள் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். வர்ஜீனியாவில், அதிபராக இருந்த ஜோ பைடனின் மனைவி ஜில் பைடன் வெள்ளை மாளிகையில் குடியிருந்தபடியே கம்யூனிட்டி காலேஜில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார். 2024 டிசம்பர் வரைக்கும் பேப்பர் திருத்தியிருக்கிறார்.

ஆகஸ்ட் 23, 2025

பழைய இழைதான், ஆனால் புதிதாகப் படிக்கிறவர்களுக்காக. பொதுப்பாடங்களுக்கு இதுவரை இருந்த ஐகெட்சி பட்டியல் போய், 2025 இலையுதிர் முதல் சேர்கிறவர்களுக்கு கால்-கெட்சி. யூசிக்கும் சிஎஸ்யூவுக்கும் ஒரே பட்டியல். பாட எண்களும் மாறுகின்றன. ஆளுக்கொரு பெயர் வைத்திருந்த முதல் இங்கிலீஷ் பாடம் இப்போது மாநிலம் முழுக்க இங்கிலீஷ் சி1000. அக்கா பையனின் பழைய கட்டத்தை வாங்கி அப்படியே காப்பியடித்தால் பாடத்தைத் தேடியே பொழுது போய்விடும்.

செப்டம்பர் 6

"டேக் போட்டால் மற்ற யூசிக்கு விண்ணப்பிக்க முடியாதா?" முடியும். டேக் ஒரு யூசிக்கு, வழக்கமான விண்ணப்பம் எத்தனைக்கு வேண்டுமானாலும். என் மகள் டேவிஸுக்கு டேக் போட்டுவிட்டு எல்ஏவுக்கும் சான் டியாகோவுக்கும் விண்ணப்பித்தாள். சான் டியாகோ கிடைத்தது. ஆனாலும் டேவிஸ்தான் போனாள். மாடு கன்று பார்க்கிற ஆசை.

டேக் செப்டம்பர் 1 முதல் 30 வரை திறந்திருக்கும். வழக்கமான விண்ணப்பத்தையும் அதற்கப்புறம் தனியாக அனுப்ப வேண்டும். டேக் போட்டாச்சு என்று அதை அனுப்பாமல் விட்டால் டேக் செல்லாது. கடைசி நாளில் தளம் ஆமை வேகத்தில் ஓடும். 25ஆம் தேதிக்குள் முடித்துவிடுங்கள்.